சானலில் போகும் மதிப்பைச் சரிபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ளோஜர் மொழியில் எழுதும் ஒரு குழுவில் புதிதாகச் சேருபவர்களோடு உட்கார்ந்து நிரலைப் படித்துக் காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. சானல்களைத் தரும் கோர்.ஏசிங்க் லைப்ரரிக்கு வந்ததும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் சொன்னபடியே எழுதிவைத்துப் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். பதில்கள் பலவாக இருந்தாலும் என் கவலை ஒன்றுதான்: சரிபார்ப்பில் தோற்ற மதிப்பு எங்கே போகிறது, அது யார் கண்ணில் படும்?

சானல்னா என்ன? அதுல சரிபார்க்க என்ன இருக்கு?

ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளுக்கு நடுவே வைத்த குழாய்தான் சானல். ஒரு பக்கம் போடுகிறார்கள், மறுபக்கம் எடுக்கிறார்கள். போடுபவருக்கு எடுப்பவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை, எடுப்பவருக்கும் அப்படியே. நடுவில் பஃபர் (மதிப்புகள் சிறிது நேரம் தங்கும் இடம்) வைத்தால் போடுவது ஒரு நேரத்திலும் எடுப்பது இன்னொரு நேரத்திலும் நடக்கலாம்.

இந்த யோசனையின் வேர் கணினி அறிஞர் டோனி ஹோர் 1978ல் எழுதிய கட்டுரை. இன்று நாம் சொல்லும் சானல் அதில் கிடையாது. செயல்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைத்து மதிப்பைக் கொடுத்துக்கொண்டன. ஆனால் கொடுப்பவரின் மதிப்பு வாங்குபவர் எதிர்பார்க்கும் வடிவத்தோடு பொருந்தினால்தான் பரிமாற்றமே நடக்கும் என்ற விதி அதில் இருந்தது. 2009ல் வெளியான கோ மொழியில் சானலுக்கு டைப் உண்டு. முழு எண்ணுக்கான சானலில் ஸ்ட்ரிங்கைப் போட்டால் நிரல் கம்பைலே ஆகாது.

2013ல் க்ளோஜரை உருவாக்கிய ரிச் ஹிக்கி அறிவித்த கோர்.ஏசிங்க், கோ மொழியின் பாணியை எடுத்துக்கொண்டது, டைப்பை மட்டும் விட்டுவிட்டது. எண், ஸ்ட்ரிங், மேப் (கீயும் மதிப்பும் கொண்ட தரவு), ஃபங்ஷன் எதை வேண்டுமானாலும் ஒரே சானலில் போடலாம். ஆகவே வடிவத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை நம்முடையதாகிறது.

எதை வேணாலும் போடலாம்னு சொல்றீங்க, ஆனா நில் போட்டா அடிக்குதே?

ஆமாம், நில் (க்ளோஜரில் "ஒன்றுமில்லை" என்பதைக் குறிப்பது) மட்டும் விலக்கு. எடுப்பவருக்கு நில் வந்தால் "சானல் மூடிவிட்டது, உள்ளே இனி ஒன்றும் இல்லை" என்று பொருள். அதையே மதிப்பாகவும் அனுமதித்தால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. "விடை இல்லை" என்பதை அனுப்ப வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கீவேர்டையோ மேப்பையோ வைத்துக்கொள்ளுங்கள்.

போடுறதுக்கு முன்னாடி நானே செக் பண்ணிட்டா போதாதா?

போடுபவர் ஒருவர்தான் என்றால் போதும். அதுதான் நல்ல வழியும்கூட. தப்பான மதிப்பு எங்கே உருவானதோ அங்கேயே எக்செப்ஷன் (நிரல் எறியும் பிழை) எழும், ஸ்டாக் டிரேஸ் (எது எதை அழைத்தது என்ற பட்டியல்) அந்த வரியையே காட்டும், திருத்த வேண்டியவர் யார் என்று தேட வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால் சானலுக்குப் போடுபவர்கள் காலப்போக்கில் பெருகிவிடுவார்கள். முதலில் ஒரு இடம், ஆறு மாதம் கழித்து நான்கு இடம். நான்காவதாகச் சேர்த்தவருக்கு முதல் மூவரும் சரிபார்த்துவிட்டுத்தான் போட்டார்கள் என்பது தெரியாது. அதனால் நான் வழக்கமாகச் செய்வது இது: சானலை நேரடியாக யார் கையிலும் கொடுக்காமல், சரிபார்த்துவிட்டுப் போடும் ஒரு சின்ன ஃபங்ஷனை மட்டும் வெளியே கொடுப்பேன். ஆர்டர்களுக்கான சானல் என்றால் "ஆர்டரை அனுப்பு" என்று ஒரு ஃபங்ஷன். சானல் அந்த நேம்ஸ்பேஸுக்குள்ளேயே தங்கிவிடும்.

போடும் பக்கம், சானலுக்குள்ளேயே, எடுக்கும் பக்கம் என்று மூன்று இடங்களில் சரிபார்க்கலாம். எடுக்கும் பக்கம் சரிபார்ப்பது மூன்றில் மிகவும் பலவீனமானது. அங்கே எழும் எக்செப்ஷனின் ஸ்டாக் டிரேஸில் எடுத்தவர் மட்டுமே இருப்பார். போட்டவரோ வேறொரு திரெட்டில் (இணையாக ஓடும் தனி ஓட்டத்தில்) தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டிருப்பார். சாதாரண ஃபங்ஷன் அழைப்பில் அழைத்தவரின் பெயர் டிரேஸில் கிடைக்கும். சானல் அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. சானலில் சரிபார்ப்பு இவ்வளவு முக்கியமாவதற்கு அதுதான் காரணம்.

சானலே தானா சரிபார்க்கிற மாதிரி வைக்க முடியாதா?

முடியும். க்ளோஜர் 1.7 (2015) டிரான்ஸ்டியூசர்களை, அதாவது கடந்து போகும் ஒவ்வொரு மதிப்பையும் மாற்றவோ தள்ளவோ செய்யும் ஃபங்ஷன்களைக் கொண்டுவந்தது. சானலை உருவாக்கும்போது பஃபர் அளவு, டிரான்ஸ்டியூசர், எக்செப்ஷன் வந்தால் கூப்பிட வேண்டிய ஃபங்ஷன் என்று மூன்றையும் கொடுக்கலாம். மூன்றாவதை இனி ஹேண்ட்லர் என்றே சொல்கிறேன். சானலுக்குள் போகும் ஒவ்வொரு மதிப்பும் டிரான்ஸ்டியூசரைத் தாண்டித்தான் பஃபரை அடையும். எத்தனை பேர் போட்டாலும் சரிபார்ப்பு ஒன்றுதான்.

டிரான்ஸ்டியூசர் வைத்தால் பஃபர் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சானல் உருவாகும்போதே பிழை வரும். அப்புறம், மேப் ஃபங்ஷனை (மேப் தரவு அல்ல, ஒவ்வொரு மதிப்பையும் உங்கள் ஃபங்ஷனில் கொடுத்து அது திருப்புவதை அனுப்புவது) வைத்துச் சரிபார்க்கிறீர்கள், தப்பான மதிப்புக்கு உங்கள் ஃபங்ஷன் நில் திருப்புகிறது என்று வையுங்கள். அது அமைதியாக விழுந்துவிடாது. மேலே சொன்ன நில் தடை இங்கேயும் உண்டு, பஃபரில் சேர்க்கும் நேரத்தில் அசெர்ஷன் எர்ரர் (நிபந்தனை மீறப்பட்டது என்ற பிழை) எழும். நில் வந்தால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் மேப்புக்குப் பதில் கீப் பயன்படுத்துங்கள்.

ஃபில்டர் போட்டேன். புட் ட்ரூன்னு சொல்லுது, ஆனா அந்தப் பக்கம் ஒண்ணும் வரல. எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, விதிக்குப் பொருந்தாததைத் தள்ளும் டிரான்ஸ்டியூசரான ஃபில்டர் அதைக் கீழே போட்டுவிட்டது. புட் (சானலில் போடும் ஃபங்ஷன்) திருப்பும் ட்ரூவுக்கு "சானல் இன்னும் மூடப்படவில்லை" என்பது மட்டும்தான் பொருள். மதிப்பு பஃபருக்குள் போனதா, ஃபில்டர் தூக்கிப்போட்டதா என்பதை அது சொல்லாது. மூடிய சானலில் போட்டால் ஃபால்ஸ் வரும், அவ்வளவுதான்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இதனால் இரண்டு நாள் ஆர்டர்கள் காணாமல் போயின. வெளியிலிருந்து ஆர்டர் அனுப்பும் ஒரு தரப்பு, எண்ணிக்கையை எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதையே மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக அனுப்பத் தொடங்கியது. எங்கள் ஃபில்டர் "எண்ணிக்கை நேர்ம முழு எண்ணா" என்று சரியாகத்தான் பார்த்தது, சரியாகத்தான் தள்ளியது. லாகில் (நிரலின் பதிவேட்டில்) ஒரு வரிகூட இல்லை. பொருள் வராத வாடிக்கையாளர்கள் கூப்பிட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு சரிபார்ப்புக்காக வெறும் ஃபில்டரை நான் எழுதுவதில்லை. வேண்டாததை ஒதுக்குவதற்கு ஃபில்டர் நல்லது. தப்பானதைப் பிடிப்பது வேறு வேலை.

இன்னொன்றும் கவனியுங்கள். பஃபர் நிறைந்திருக்கும்போது போட்டால், அந்த மதிப்பு செல்லுமா செல்லாதா என்று பார்க்காமலேயே போடுபவர் காத்திருக்க வைக்கப்படுவார். டிரான்ஸ்டியூசர் ஓடுவது பஃபரில் இடம் கிடைத்த பிறகுதான். எப்படியும் தள்ளப்படப் போகும் மதிப்பும் வரிசையில் நிற்கும்.

அப்ப டிரான்ஸ்டியூசர்ல எக்செப்ஷன் எறிஞ்சா போட்டவருக்குத் தெரிஞ்சிடுமே?

தெரியாது. நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. டிரான்ஸ்டியூசருக்குள் எழும் எதையும் சானலே பிடித்துக்கொள்கிறது. எக்செப்ஷன் மட்டுமல்ல, அசெர்ஷன் எர்ரரையும் சேர்த்துத்தான். பிடித்ததை நீங்கள் கொடுத்த ஹேண்ட்லரிடம் தருகிறது. புட் வழக்கம்போல ட்ரூ என்று திரும்பும்.

ஹேண்ட்லர் கொடுக்கவில்லையென்றால் அந்தத் திரெட்டின் "யாரும் பிடிக்காத எக்செப்ஷன்" கையாளும் இடத்துக்கு அது போகும். நீங்கள் எதையும் மாற்றி வைக்காவிட்டால் எர்ரர் அவுட்புட்டில் ஒரு டிரேஸ் அச்சாகும், மதிப்பு விழுந்துவிடும். சர்வரில் அந்த அவுட்புட்டை யாரும் சேகரிக்கவில்லை என்றால் ஃபில்டர் கதையேதான் திரும்ப நடக்கும்.

ஹேண்ட்லர் கொடுத்திருந்தால் அது திருப்பும் மதிப்பு பஃபருக்குள் போகும், நில் திருப்பினால் ஒன்றும் போகாது. இங்கே கவனிக்க வேண்டியது, ஹேண்ட்லர் திருப்பும் மதிப்பு மறுபடி டிரான்ஸ்டியூசர் வழியாகப் போவதில்லை, நேராகப் பஃபருக்குள் இறங்குகிறது. "பிழை" என்று ஒரு மேப் திருப்பினீர்கள் என்றால், சரிபார்த்த மதிப்புகள் மட்டுமே வரும் என்று நீங்கள் நம்பிய சானலில் சரிபார்க்காத ஒரு வடிவமும் வரத் தொடங்கும். எடுப்பவர் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

சரி, தப்பான மதிப்பை என்னதான் பண்றது?

போடுபவர் நம் நிரலுக்குள்ளேயே இருக்கிறார் என்றால், முன்பே சொன்ன "ஆர்டரை அனுப்பு" வகை ஃபங்ஷனில் சரிபார்த்து அங்கேயே எக்செப்ஷன் எறியுங்கள். அது நிரல் எழுதியவரின் பிழை, அவரிடமே திரும்பிப் போகட்டும்.

வெளியிலிருந்து வரும் தரவு என்றால் எக்செப்ஷன் பொருத்தமில்லை. வெளியார் தப்பாக அனுப்புவது அன்றாடம் நடப்பது. தப்பான மதிப்புகளுக்கென்று இன்னொரு சானல் வையுங்கள். அதில் மூல மதிப்பு, எந்த விதியை மீறியது, எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்ற நான்கையும் ஒரே மேப்பாகப் போடுங்கள். மூல மதிப்பை விட்டுவிட்டு "சரிபார்ப்பு தோல்வி" என்று மட்டும் எழுதிவைத்தால் பிறகு எதையும் மீட்க முடியாது. எங்களுக்கு அந்த இரண்டு நாள் ஆர்டர்களை மீட்க முடிந்ததற்குக் காரணம், அனுப்பிய தரப்பு தன் பக்கத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்ததுதான். நாங்கள் வைத்திருக்கவில்லை. கடவுச்சொல், கார்டு எண் போன்றவை மூல மதிப்பில் இருந்தால் அவற்றை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

அந்தப் பிழைச் சானலை யாரும் எடுக்காமல் விட்டால் அதுவும் நிறையும். ஸ்லைடிங் பஃபர் வைத்தால் பழையது விழுந்து புதியது தங்கும், போடுபவர் ஒருபோதும் நிற்க மாட்டார். ஆனால் விழுந்தவற்றின் எண்ணிக்கையாவது தெரிய வேண்டும், அதனால் தனியாக ஒரு எண்ணியும் வையுங்கள். ஹேண்ட்லருக்குள்ளிருந்து பிழைச் சானலுக்குப் போடும்போது காத்திருக்கும் வகைப் புட் கூடாது, ஆஃபர் பயன்படுத்துங்கள், முடியாவிட்டால் உடனே திரும்பிவிடும். காத்திராத புட் இருக்கிறதே என்று அதை எடுத்தால், நிறைந்த சாதாரணப் பஃபருக்கு முன்னால் 1024 புட்கள்வரைதான் வரிசையில் நிற்க முடியும், அடுத்தது பிழை எறியும்.

சரியானதையும் தப்பானதையும் ஒரே சானல்ல குறி போட்டு அனுப்பினா என்ன?

அதுவும் செய்யலாம். "சரி" அல்லது "தவறு" என்று குறியிட்ட மேப்பாக எல்லாவற்றையும் அனுப்புவது. வரிசை கெடாமல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு கோப்பின் 500 வரிகளில் 37வது வரி தப்பு என்றால், எடுப்பவருக்கு 36க்கும் 38க்கும் நடுவில் அது தெரிய வேண்டும். இரண்டு சானலாகப் பிரித்தால் அந்த இடம் தொலைந்துவிடும். இதற்கு விலை, எடுப்பவர்கள் ஒவ்வொருவரும் குறியைப் பார்க்க மறக்காமல் இருக்க வேண்டும் என்பது. எடுப்பவர் ஒருவர் என்றால் சரி. நான்கு பேர் என்றால் இரண்டு சானல்.

சரிபார்க்க ஸ்பெக்கா, மல்லியா, ஸ்கீமாவா?

மூன்றும் தரவின் வடிவத்துக்கு விதி எழுதிச் சரிபார்க்கும் க்ளோஜர் லைப்ரரிகள், மூன்றும் இந்த வேலையைச் செய்யும். ஸ்கீமா 2013லிருந்து இருக்கிறது. ஸ்பெக் க்ளோஜர் 1.9 உடன் 2017 டிசம்பரில் வந்தது. மல்லி ஃபின்லாந்தின் மெட்டோசின் நிறுவனம் எழுதியது. ஃபின்னிய மொழியில் மல்லி என்றால் "மாதிரி". அதில் விதிகளே சாதாரணத் தரவாக எழுதப்படுவதால் அவற்றைச் சேமிக்கலாம், அனுப்பலாம். சானல் வேலைக்கு இன்று புதிதாகத் தொடங்கினால் நான் மல்லியை எடுப்பேன். ஏற்கனவே ஸ்பெக் இருக்கும் இடத்தில் மாற்ற மாட்டேன்.

ஸ்பெக்கில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, கன்ஃபார்ம் என்ற சரிபார்ப்பு ஃபங்ஷன் மதிப்பை மாற்றித் தரும். "இதுவோ அதுவோ" என்ற விதி இருந்தால் எது பொருந்தியது என்ற குறியோடு வேறு வடிவத்தில் திருப்பும். அதை மேப் ஃபங்ஷனில் வைத்துச் சானலில் கோத்தால் எடுப்பவருக்கு அவர் எதிர்பாராத வடிவம் போகும். ஆம், இல்லை என்பது மட்டும் போதும் என்றால் வேலிட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு மூல மதிப்பையே அனுப்புங்கள். இரண்டாவது, கன்ஃபார்ம் தோற்றால் எக்செப்ஷன் வராது, "செல்லாது" என்று பொருள்படும் ஒரு கீவேர்ட்தான் வரும். பார்க்காமல் விட்டால் அந்தக் கீவேர்டே சானலில் மிதந்து போகும். மூன்றாவது, ஸ்பெக்கின் அசெர்ட் இயல்பாக அணைந்த நிலையில் இருக்கும். அதை எழுதிவிட்டு "சரிபார்க்கிறோம்" என்று நம்பிக்கொண்டிருந்த நிரல்களை நான் பார்த்திருக்கிறேன். சானல் வாசலில் அதை நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு மதிப்புக்கும் இதைப் பண்ணினா மெதுவாகாதா?

எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பத்துக் கீ உள்ள மேப்பைப் பார்ப்பது பெரும்பாலான இடங்களில் கணக்கிலேயே வராது. ஒரு மதிப்புக்குள் ஒரு லட்சம் வரிசைகள் இருந்தால் வரும். ஸ்பெக்கில் கால்-ஆஃப் எல்லா உறுப்பையும் பார்க்கும். எவ்ரி இயல்பாக 101 உறுப்புகள்வரைதான் பார்க்கும். மல்லியில் சரிபார்ப்பு ஃபங்ஷனை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் விதியிலிருந்து புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தால் செலவெல்லாம் அங்கேதான் போகும்.

அதைவிட முக்கியம், ஒரே மதிப்பை எத்தனை முறை சரிபார்க்கிறீர்கள் என்பது. ஐந்து சானல்கள் சங்கிலியாக இருந்தால் ஐந்திலும் அதே விதியை வைக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து உள்ளே வரும் முதல் சானலில் முழுச் சரிபார்ப்பு. நடுவில் மதிப்பின் வடிவம் மாறும் இடத்தில், மாறிய பகுதிக்கு மட்டும் ஒன்று. மற்றவை நம்பிப் போகட்டும்.

வாடிக்கையாளர் எண் உண்மையிலேயே இருக்கான்னு டேட்டாபேஸ்ல பாக்கணும். அதையும் டிரான்ஸ்டியூசர்ல போடலாமா?

கூடாது. டிரான்ஸ்டியூசர் ஓடும்போது சானலின் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடுவது) பூட்டியிருக்கும். டேட்டாபேஸ் பதில் சொல்ல அரை நொடி எடுத்தால், அந்த அரை நொடியும் வேறு யாரும் அந்தச் சானலில் போடவோ எடுக்கவோ முடியாது. அதோடு எந்தத் திரெட்டில் ஓடும் என்பதும் நம் கையில் இல்லை. இடம் இருந்தால் போடுபவரின் திரெட்டில் ஓடும். பஃபர் நிறைந்து புட் காத்திருந்தால், யாரோ ஒருவர் எடுத்து இடம் உண்டாகும்போது, எடுப்பவரின் திரெட்டிலேயே ஓடும். கோ பிளாக்குகளுக்கான (சானல்களுக்காகக் காத்திருந்து ஓடும் சிறு வேலைகளுக்கான) திரெட் பூலில் நெடுங்காலம் இயல்பில் 8 திரெட்தான் இருந்தது. அப்படிப்பட்ட பூலில் எட்டும் டேட்டாபேஸுக்காகக் காத்து நின்றால் நிரலின் எல்லாக் கோ பிளாக்கும் உறைந்துவிடும்.

சரிபார்ப்பை இரண்டாகப் பிரியுங்கள். மதிப்பை மட்டும் பார்த்துச் சொல்ல முடிந்தது (வடிவம், வரம்பு, கட்டாயக் கீகள்) சானலின் டிரான்ஸ்டியூசரில். வெளியுலகத்தைக் கேட்க வேண்டியது இரண்டு சானல்களுக்கு நடுவில் பைப்லைன்-பிளாக்கிங் என்ற கோர்.ஏசிங்க் ஃபங்ஷனில். அது தனித் திரெட்களில் ஓடும், எத்தனை ஒரே நேரத்தில் ஓடலாம் என்று நீங்களே சொல்லலாம், விடைகள் உள்ளே போன வரிசையிலேயே வெளியே வரும். பதில் வந்த பிறகு நிலைமை மாறலாம் என்பதையும் மறக்க வேண்டாம். சரிபார்த்த நொடியில் இருந்த வாடிக்கையாளர் எடுக்கும் நொடியில் நீக்கப்பட்டிருக்கலாம். அந்த வகைக் கேள்விக்குக் கடைசி விடை சொல்ல வேண்டியது டேட்டாபேஸின் டிரான்சாக்ஷன்தான், சானல் அல்ல.

ஒரு மதிப்பு சரியா தப்பான்னு முந்தின மதிப்பை வச்சுதான் தெரியும்னா?

சென்சார் அளவீடுகளில் நேரம் பின்னோக்கிப் போகக் கூடாது, ஒரே ஆர்டர் எண் இரண்டுமுறை வரக் கூடாது போன்ற விதிகள். இதற்கு நினைவு வைத்துக்கொள்ளும் டிரான்ஸ்டியூசர் வேண்டும். சானலில் அதை வைப்பது பாதுகாப்பானது. மேலே தொல்லையாகச் சொன்ன அதே பூட்டு இங்கே உதவிக்கு வருகிறது, ஒரு நேரத்தில் ஒரு மதிப்புதான் உள்ளே நுழையும். ஒவ்வொரு சானலுக்கும் அதற்கென்று தனி நினைவும் கிடைக்கும்.

பைப்லைனில் மட்டும் இதை வைக்காதீர்கள். பைப்லைன் ஒவ்வொரு உறுப்புக்கும் டிரான்ஸ்டியூசரைப் புதிதாக ஓட்டுகிறது. "இரட்டை வந்தால் தள்ளு" என்று எழுதினால் ஒவ்வொரு மதிப்பும் தன்னைத்தான் முதலாவது என்று நினைக்கும், எந்த இரட்டையும் பிடிபடாது. பிழைச் செய்தியும் வராது.

போடுபவர்கள் பலர் என்றால் இன்னொரு கேள்வி வரும்: யாருடைய முந்தின மதிப்பு? இருவரின் மதிப்புகள் எப்படிக் கலந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போடுபவரின் அடையாளத்தையும் அவரவர் வரிசை எண்ணையும் மதிப்பிலேயே சேர்த்து, ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்கு வையுங்கள்.

தப்பு வந்தா சானலையே மூடிட்டா?

ஒரு மதிப்பு கெட்டால் அதன் பிறகு வரும் எதையும் நம்ப முடியாது என்ற இடத்தில் மூடலாம். பைட்களைப் பிரித்துப் படிக்கும் நெறிமுறையில் நடுவில் தடம் தவறினால் மீதியெல்லாம் குப்பைதான். டேக்-வைல் அந்த வேலையைச் செய்யும். விதி முதல்முறை தோற்றதும் சானல் மூடும், தோற்ற மதிப்பு உள்ளே போகாது. பஃபரில் ஏற்கனவே இருப்பவை எடுப்பவருக்குக் கிடைக்கும். ஆனால் எடுப்பவருக்கு "இயல்பாக முடிந்தது", "பிழையால் மூடியது" இரண்டும் ஒரே நில்தான். காரணத்தைப் பிழைச் சானலில் சொல்லிவிட்டு மூடுங்கள். தனித்தனி ஆர்டர்கள் வரும் சானலை ஒரு கெட்ட ஆர்டருக்காக மூடாதீர்கள்.

பப்-சப் வச்சிருக்கேன். திடீர்னு எல்லா சப்ஸ்கிரைபருக்கும் வர்றது நின்னுபோச்சு.

பப்-சப் என்பது வரும் மதிப்புகளை டாபிக் வாரியாகப் பிரித்து, அந்தந்த டாபிக்கைக் கேட்கும் சப்ஸ்கிரைபர்களுக்கு அனுப்பும் அமைப்பு. பெரும்பாலும் டாபிக் ஃபங்ஷன்தான் காரணமாக இருக்கும். பப் உள்ளே ஒரு கோ பிளாக்கைச் சுழலவிட்டு, வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் டாபிக் எது என்று அந்த ஃபங்ஷனைக் கேட்கிறது. அதில் எக்செப்ஷன் எழுந்தால் சுழற்சியே நின்றுவிடும். ஒரு கெட்ட மதிப்பு வந்தால் போதும், அதன் பிறகு யாருக்கும் எதுவும் வராது. டாபிக் இல்லாத மதிப்பு என்றால் கேட்பவர் இல்லை என்று அமைதியாக விழும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பப்புக்கு மூலமான சானலிலேயே சரிபார்ப்பை வைத்து, டாபிக் கீ இருப்பதை அங்கே கட்டாயமாக்குங்கள்.

மல்ட்டுக்கும் (ஒரு சானலின் மதிப்பைப் பல சானல்களுக்கும் அனுப்புவது) இதையே சொல்வேன். பிரியும் இடத்துக்கு முன்னால் ஒருமுறை சரிபார்த்தால் போதும், ஒவ்வொரு கிளையிலும் வேண்டாம்.

ஹாஸ்கெல்ல இந்தத் தொல்லையே இல்லைன்னு நண்பன் சொல்றான். உண்மையா?

பாதி உண்மை. ஹாஸ்கெல்லில் சானலுக்கு டைப் உண்டு. ஸ்ட்ரிங் போக வேண்டிய இடத்தில் எண் போகாது. "100க்குள் இருக்கும் நேர்ம எண்" போன்ற விதியையும் டைப்புக்குள் கொண்டுவரலாம். கன்ஸ்ட்ரக்டரை (அந்த டைப்பின் மதிப்பை உருவாக்குவதை) மாடியூலுக்குள் மறைத்து, சரிபார்த்துவிட்டு உருவாக்கித் தரும் ஒரு ஃபங்ஷனை மட்டும் வெளியே கொடுப்பார்கள். அந்த டைப்பின் மதிப்பு கையில் இருக்கிறது என்றாலே சரிபார்ப்பு முடிந்தது என்று பொருள். க்ளோஜரில் நான் சொன்ன "ஆர்டரை அனுப்பு" ஃபங்ஷனைவிட இது உறுதியானது, மதிப்பு எத்தனை சானல் தாண்டிப் போனாலும் அந்தச் சான்று கூடவே போகும்.

ஆனால் ஹாஸ்கெல் சோம்பல் மதிப்பீட்டு மொழி. தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாது. "சரிபார், தப்பென்றால் எக்செப்ஷன் எறி" என்று ஒரு கோவையை எழுதி அதைச் சானலில் போட்டால், உள்ளே போவது கணக்கிடாத கோவைதான். எடுப்பவர் அதைத் தொடும்போதுதான் அது ஓடும், எக்செப்ஷனும் அவர் திரெட்டில்தான் வெடிக்கும். எடுக்கும் பக்கம் சரிபார்ப்பது பலவீனம் என்று முன்பு சொன்னேனே, போடும் பக்கம் எழுதிய சரிபார்ப்பு தானாகவே அங்கே நகர்ந்துவிடுகிறது. போடும் முன் எவால்யுவேட் கொண்டோ, உள்ளே ஆழமாக இருந்தால் டீப்ஸீக் கொண்டோ கணக்கிட்டு முடித்துவிட்டுப் போட வேண்டும். சரிபார்ப்பின் விடையை எக்செப்ஷனாக இல்லாமல் ஈதர் டைப்பாக (சரியான மதிப்பு அல்லது பிழை, இரண்டில் ஒன்று) திருப்பி, போடும் முன் அதைப் பிரித்துப் பார்த்தாலும் சரி, பிரித்துப் பார்க்கும் செயலே அதைக் கணக்கிட வைக்கும்.

எர்லாங்கில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு அஞ்சல்பெட்டி, எதையும் அனுப்பலாம். எடுப்பவர் பேட்டர்ன் பொருத்தி எடுக்கிறார். எந்தப் பேட்டர்னுக்கும் பொருந்தாத செய்தி பெட்டியிலேயே தங்கிவிடும். அவை சேரச் சேர ஒவ்வொரு தேடலும் மெதுவாகும், மெமரியும் ஏறும். அதனால் கடைசியில் எதற்கும் பொருந்தும் ஒரு கிளை வைத்து, அதில் விழுவதை லாகில் எழுதுவார்கள்.

சரிபார்ப்பு வேலை செய்யுதான்னு எப்படி டெஸ்ட் பண்றது? தப்பான மதிப்பு வரக்கூடாதுன்னு எப்படி எழுதுறது?

"வரவில்லை" என்பதை டெஸ்ட் செய்வது கடினம். எடுக்கக் காத்திருந்தால் டெஸ்ட் தொங்கிவிடும், டைம்அவுட் வைத்தால் மெதுவாகும். ஆகவே வராததைத் தேடாமல், வந்ததைத் தேடுங்கள். தப்பான மதிப்பைப் போட்டு, பின்னாலேயே சரியான ஒன்றைப் போடுங்கள். முதன்மைச் சானலில் முதலில் கிடைப்பது இரண்டாவதாகப் போட்டதாக இருக்க வேண்டும். பிழைச் சானலில் முதலாவது கிடைக்க வேண்டும். தள்ளியதைக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருந்தால்தான் இந்த டெஸ்ட்டை எழுதவே முடியும்.

விதியைத் தனி ஃபங்ஷனாக வைத்து, சானல் இல்லாமல் சாதாரண வெக்டர் மேலேயே டிரான்ஸ்டியூசரை ஓட்டிப் பார்க்கலாம். முக்கால்வாசி டெஸ்ட்கள் அங்கேயே முடிந்துவிடும். ஸ்பெக்கும் மல்லியும் விதியிலிருந்து மாதிரி மதிப்புகளைத் தாமே உருவாக்கித் தரும். அவற்றில் ஒரு கீயை நீக்கி, ஒரு எண்ணை ஸ்ட்ரிங்காக்கி, கெட்ட மதிப்புகளையும் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே ஓடிட்டிருக்கிற சிஸ்டம். இப்ப போய் சரிபார்ப்பைச் சேர்த்தா எல்லாம் நின்னுடுமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. எந்த விதியும் எழுதப்படாமல் ஓடிய சானலில், உங்களுக்குத் தெரியாத வடிவங்களும் போய்க்கொண்டிருக்கும், எடுப்பவர் அவற்றை எப்படியோ சமாளித்துக்கொண்டிருப்பார். முதலில் எதையும் தள்ளாதீர்கள். விதி தோற்றால் பிழைச் சானலில் ஒரு பிரதியைப் போட்டுவிட்டு, மூல மதிப்பை வழக்கம்போல விடுங்கள். ஒரு முழு வணிகச் சுற்று ஓடட்டும். மாதக் கடைசியில் மட்டும் வரும் மதிப்புகள் உண்டு என்பதால் ஒரு மாதமாவது வேண்டும். சேர்ந்தவற்றைப் படித்து, எது தரவின் பிழை, எது உங்கள் விதியின் பிழை என்று பிரியுங்கள். என் அனுபவத்தில் முதல் பட்டியலில் பெரும்பங்கு விதியின் பிழைதான். அதைத் திருத்திய பிறகு தள்ளத் தொடங்குங்கள், அதையும் ஒரு சானலில் முதலில்.

பதிப்பு மாற்றம் பற்றியும் கூடவே கேட்பார்கள். கோர்.ஏசிங்க் சானல் ஒரே புராசஸுக்குள் இருப்பது. போடுபவரும் எடுப்பவரும் ஒன்றாகவே டெப்ளாய் ஆகிறார்கள். ஆகவே உள்சானல்களில் விதியை இறுக்கமாக வைக்கலாம், மாற்ற வேண்டுமென்றால் இரு பக்கமும் ஒரே கமிட்டில் மாறும். வெளியிலிருந்து வரும் முதல் சானல் அப்படியல்ல. அங்கே பழைய வடிவத்தில் அனுப்புபவர் இன்னும் இருப்பார், புதிய கீ சேர்த்து அனுப்புபவரும் இருப்பார். தெரியாத கீ வந்தால் விட்டுவிடுங்கள், தேவையான கீ இல்லாவிட்டால் மட்டும் பிழைச் சானலுக்கு அனுப்புங்கள்.